சக்கர நாற்காலியும் சட்டமன்ற நாற்காலியும்

ஒரு சின்னப் பரீட்சை. பேனா, பேப்பர் எதுவும் வேண்டாம்.

செய்தித்தாளைப் பிரிக்கிறீர்கள். ஏதோ ஒரு நாட்டில், ஏதோ ஒரு மாநிலத்தில் சட்டமன்றத் தேர்தல். சக்கர நாற்காலியில் வந்து ஒருவர் போட்டியிடுகிறார். பல வருடம் அரசாங்கத்தின் கொள்கைகள் தயாராகிற இடத்திலேயே இருந்தவர். பட்ஜெட் தெரியும், சட்டம் தெரியும், எந்த ஃபைல் எந்த மேஜையில் எத்தனை நாள் தூங்கும் என்பதும் தெரியும். மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காக வருடக்கணக்கில் மல்லுக்கு நின்றவர். இவரைப் பற்றிய கட்டுரையில் முதல் பாரா எதைப் பற்றி இருக்கும்?

கரெக்ட். விபத்தைப் பற்றி.

இரண்டாவது பாரா ஆஸ்பத்திரி. மூன்றாவது, அம்மாவின் கண்ணீர். நான்காவதில் 'தன்னம்பிக்கை' என்ற சொல் வரும். நிருபர் மறந்திருந்தால் டெஸ்க்கில் இருப்பவர் சேர்த்துவிடுவார். ஜெயித்தால் சொத்து வரியை ஏற்றுவாரா, இறக்குவாரா, பஸ் கட்டணத்தை என்ன செய்வார் என்கிற பகுதி இருக்கிறதே, அது இடம் போதவில்லை என்று வெட்டப்பட்டிருக்கும்.

ஊரைக் கிண்டல் செய்கிறேன் என்று நினைக்காதீர்கள். இதே மாதிரிக் கட்டுரை நானும் எழுதியிருக்கிறேன். அந்தக் கதையைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். இப்போதே சொன்னால் மேற்கொண்டு நான் சொல்வதை நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

முதலில் ஓர் உதாரண புருஷர். அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் என்று ஒரு மாநிலம். ஐம்பதில் ஆகச் சிறியது. அங்கே வார்விக் என்ற ஊரில் ஜிம் லான்ஜவின் என்றொரு பையன். போலீஸ் ஆக வேண்டும் என்று ஆசை. சாரணர் இயக்கத்தின் ஒரு பயிற்சித் திட்டத்தில் சேர்ந்து போலீஸ் நிலையத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தான். 1980ல், பதினாறு வயதில், ஒருநாள் அங்கே இரண்டு போலீஸ்காரர்கள் ஒரு துப்பாக்கியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தவறுதலாக வெடித்துவிட்டது. குண்டு ஒரு லாக்கரில் பட்டுத் தெறித்துப் பையன் மேல் பாய்ந்தது. தண்டுவடம் அறுந்தது. அன்றிலிருந்து கை, கால் சரியாக இயங்காது. சக்கர நாற்காலிதான்.

பாருங்கள், நானும் விபத்திலிருந்துதான் ஆரம்பித்திருக்கிறேன். கை தன்னால் அங்கேதான் போகிறது. இதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. விபத்துக்கு ஆரம்பம், நடு, முடிவு உண்டு. சட்டத் திருத்தத்துக்கு அதெல்லாம் கிடையாது. வாசகரைக் கட்டிப்போட குண்டு போதும். சட்டப் பிரிவு போதாது.

சரி, குண்டை மறந்துவிட்டு இந்த மனிதரின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டுவோம். நான் பி.காம். படித்தவன். அதுதான் எனக்கு வரும்.

1986ல் ரோட் ஐலண்டின் அரசியலமைப்பைத் திருத்த ஒரு மாநாடு கூடியது. இருபத்திரண்டு வயதில் லான்ஜவின் அதற்குப் பிரதிநிதியாகத் தேர்வாகி, அதன் செயலாளராகவும் இருந்தார். 1988ல் மாநில சட்டமன்றத்தின் கீழவைக்குப் போட்டியிட்டு ஜெயித்தார். அப்போது கல்லூரிப் படிப்பே முடியவில்லை. அந்தக் காலத்தில் ரோட் ஐலண்ட் எம்.எல்.ஏ.வுக்குச் சம்பளம் எவ்வளவு தெரியுமா? நாளொன்றுக்கு 5 டாலர். அதுவும் வருடத்துக்கு 60 நாள் வரைக்கும்தான். ஆக மொத்தம் 300 டாலர். 1900ம் வருடத்தில் வைத்த சம்பளம் 1994ல் மக்கள் ஓட்டுப் போட்டு மாற்றும் வரை அப்படியே இருந்தது. லான்ஜவின் அந்தச் சபையில் இருந்த ஆறு வருடமும் இந்த முந்நூறு டாலர் காலம்தான்.

1994ல் மாநிலத்தின் செகரட்டரி ஆஃப் ஸ்டேட் பதவிக்கு நின்று ஜெயித்தார். தேர்தல் நடத்துவது, அரசு ஆவணங்களைக் காப்பது எல்லாம் அந்தப் பதவியின் கீழ் வரும். கைப்பிடியை இழுத்து ஓட்டுப் போடுகிற பழைய இரும்பு யந்திரங்களை ஒழித்துவிட்டு, சீட்டை ஸ்கேன் செய்கிற முறை அவர் காலத்தில் வந்தது. நெம்புகோல் யந்திரம் யாருக்குக் கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். கை எட்டாதவருக்கு, கண் மங்கியவருக்கு, வயசானவருக்கு.

எனக்குப் பிடித்தது அடுத்தது. 1990களின் பிற்பகுதியில், பிரௌன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அவர் அலுவலகம் ஓர் அறிக்கை கொண்டுவந்தது. 'ஆக்ஸஸ் டினைட்' என்று தலைப்பு. உள்ளே வர அனுமதியில்லை என்று சொல்வோமே, அது. தலைப்பைப் பார்த்தால் சாய்வுதளம், லிஃப்ட் பற்றித்தான் இருக்கும் என்று தோன்றும். இல்லை. ரோட் ஐலண்ட் சட்டமன்றக் கமிட்டிகள் பொதுமக்களுக்கு முறையாக அறிவிக்காமல், கதவைச் சாத்திக்கொண்டு கூடுவதை வெட்டவெளிச்சமாக்கிய அறிக்கை அது. படிக்கட்டு தடுத்து நிறுத்தியிருந்த ஒரு மனிதர், இரண்டு காலும் நன்றாக இருக்கிற மொத்த ஜனத்தையும் தடுக்கிற கதவைப் பற்றி எழுதினார். இதைவிட நல்ல கட்டுரை விஷயம் ஒரு நிருபருக்கு என்ன வேண்டும்? ஆனால் இவரைப் பற்றிய அறிமுகங்கள் திரும்பத் திரும்ப அந்த லாக்கரில்தான் போய் முட்டிக்கொண்டன.

2000ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபைக்குப் போனார். கை, கால் நான்கும் பாதிக்கப்பட்ட ஒருவர் அந்தச் சபைக்குள் உறுப்பினராக நுழைந்தது அதுதான் முதல் தடவை. 2023 ஜனவரி வரை, இருபத்திரண்டு வருடம் இருந்தார். இந்த இடத்தில் அவரோடு நீங்கள் சண்டை போடலாம். கருக்கலைப்புக்கு எதிரானவர் என்று நீண்ட காலம் அறியப்பட்டவர் அவர். அதே சமயம் கருவின் ஸ்டெம் செல்லை வைத்துச் செய்யும் ஆராய்ச்சிக்கு அரசுப் பணம் வேண்டும் என்று முன்வரிசையில் நின்றவர். 2006ல் அதற்கான மசோதாவை ஜார்ஜ் புஷ் வீட்டோ செய்தார். புஷ் ஜனாதிபதியாகிப் போட்ட முதல் வீட்டோவே அதுதான். இரண்டு நிலைப்பாடும் எப்படி ஒத்துப்போகும்? தனக்கே குணம் கிடைக்கலாம் என்பதால் ஆதரித்தாரா, இல்லை நிஜமாகவே கொள்கை வித்தியாசம் இருக்கிறதா? முகத்துக்கு நேரே கேட்க வேண்டிய கேள்வி. ஓட்டுக் கேட்டு வருகிற எவரிடமும் கேட்போம். சக்கர நாற்காலியில் வருபவரிடம் கேட்கத்தான் நமக்குக் கூச்சம். பரிதாபம் மாதிரி ஒரு வாய்ப்பூட்டு கிடையாது.

இதற்கு நேர் எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. நாற்காலியே தெரியாமல் மறைப்பது.

ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அரசியலில் கால் வைத்தது நியூயார்க் மாநிலச் சட்டமன்றத்தில்தான். 1910 தேர்தலில் அதன் செனட்டுக்குத் தேர்வானார். அப்போது நன்றாக நடந்தார். 1921ல் நோய் தாக்கிக் கால்கள் போயின. போலியோ என்றார்கள். 1928ல் அவரை கவர்னர் தேர்தலில் நிறுத்தியபோது, இந்த உடம்போடு முடியுமா என்று கேட்டார்கள். அப்போதைய கவர்னர் ஆல் ஸ்மித் ஒரே போடாகப் போட்டார். கவர்னர் என்ன சர்க்கஸ்காரரா, கரணம் போட்டுக் காட்ட வேண்டுமா என்ற பொருளில் அவர் சொன்னது இன்றைக்கும் சொல்லப்படுகிறது. பிரமாதமான பதில். ஆனால் ரூஸ்வெல்ட் அதை முழுசாக நம்பவில்லை போலிருக்கிறது. கவர்னராகவும், பிறகு பன்னிரண்டு வருடம் ஜனாதிபதியாகவும், இரும்புப் பட்டைகளைக் காலில் மாட்டிக்கொண்டு, மகன்களின் தோளையோ மேஜையின் விளிம்பையோ பிடித்தபடி நின்று காட்டினார். நாற்காலியில் அவரைத் தூக்கி வைப்பதைப் புகைப்படக்காரர்கள் எடுக்க மாட்டார்கள். எடுக்க விடவும் மாட்டார்கள். 1945 மார்ச்சில், இறப்பதற்கு ஆறு வாரம் முன்னால், நாடாளுமன்றத்தில் உட்கார்ந்தபடி பேசினார். காலில் கட்டிய இரும்பின் எடையைச் சொல்லி மன்னிக்கக் கேட்டார். அந்தச் சபையில் அவர் அதை வாய்விட்டுச் சொன்னது அபூர்வத்திலும் அபூர்வம்.

செத்த பிறகும் மறைத்தார்கள். 1997ல் வாஷிங்டனில் அவருக்குப் பெரிய நினைவிடம் திறந்தபோது, உட்கார்ந்திருக்கிற சிலையின் மேல் ஒரு நீண்ட அங்கியைப் போர்த்திவிட்டார்கள். சக்கரம் கண்ணில் படாது. மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள் சும்மா விடவில்லை. பணமும் அவர்களே திரட்டினார்கள். 2001 ஜனவரியில், நினைவிடத்தின் வாசலில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு ரூஸ்வெல்ட் வந்தார்.

மறைக்கிற காலம் போய், காட்டுகிற காலம் வந்தாயிற்று. முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் மறைத்தபோது நாற்காலி மட்டும் தெரியவில்லை. இப்போது நாற்காலி மட்டும்தான் தெரிகிறது. உட்கார்ந்திருக்கிறவரைக் காணோம்.

இதைச் சுளீரென்று சொன்னவர் ஆஸ்திரேலியாவின் ஸ்டெல்லா யங். பத்திரிகையாளர், மேடையில் நகைச்சுவை செய்பவர், பிறவியிலேயே எலும்பு நோய், சக்கர நாற்காலி. 2014 ஏப்ரலில் சிட்னியில் அவர் பேசிய பேச்சின் வீடியோவைத் தேடிப் பாருங்கள், பத்து நிமிஷம்கூட இல்லை. பதினைந்து வயதில் ஊர்க்காரர் ஒருவர் வந்து, இந்தப் பெண்ணின் பெயரை சாதனையாளர் விருதுக்குச் சிபாரிசு செய்யப்போகிறேன் என்றாராம். பெற்றோர் நல்லவர்கள். சந்தோஷம்தான், ஆனால் இவள் இன்னும் எதையும் சாதிக்கவில்லையே என்றார்களாம்! பள்ளிக்கூடம் போய் வருகிறாள், டி.வி. பார்க்கிறாள், அவ்வளவுதான். புன்னகையோடு பார்த்துவிட்டால் படிக்கட்டு சாய்வுதளமாகிவிடாது என்று அந்தப் பேச்சில் ஓரிடத்தில் சொல்வார். கூட்டம் சிரிக்கும். அந்த வருடக் கடைசியில் முப்பத்திரண்டு வயதில் இறந்துபோனார்.

நல்லதாக நாலு வார்த்தை எழுதினால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நஷ்டக் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

தைரியத்தைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தால், தைரியம் இருந்தால் யாரும் ஜெயிக்கலாம் என்று அர்த்தமாகிவிடுகிறது. நிற்காதவர்கள் தைரியமில்லாதவர்கள் என்றும் ஆகிவிடுகிறது. அமெரிக்காவில் ரட்ஜர்ஸ் பல்கலைக்கழகத்தின் லிசா ஷுர், டக்ளஸ் க்ரூஸ் இருவரும் எண்ணிப் பார்த்தார்கள். 2013 முதல் 2017 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட பதவிகளில் இருந்தவர்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு ஏதோ ஓர் உடல் குறைபாடு இருந்தது. மொத்த வயது வந்தோரில் அது 15 சதவீதத்துக்கும் மேல். இதில் ஊர் மட்டப் பதவிகளே தேவலாம். மாநிலம், தேசம் என்று மேலே போகப் போகக் குறைகிறது. மாடிப்படி மாதிரி.

தைரியத்தில் குறைச்சலா? பணத்தைப் பாருங்கள். அங்கே எஸ்.எஸ்.ஐ. என்று ஒரு உதவித்தொகை உண்டு. வருமானம் இல்லாத முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தருவது. அதை வாங்குகிற தனிநபர் கையிருப்பாக 2,000 டாலருக்கு மேல் சேர்த்து வைக்கக் கூடாது. வீடு, ஒரு கார் போன்றவை கணக்கில் வராது. மற்றபடி வங்கியில் 2,001 ஆனால் உதவிக்கு ஆபத்து. இந்த வரம்பு 1989ல் வைத்தது. 2025 வரை ஒரு டாலர் ஏறவில்லை. 1989ன் 2,000 டாலர் என்ன வாங்கியதோ அதில் பாதிகூட இன்று வாங்காது என்பதைச் சொல்ல பி.காம். வேண்டாம், மளிகைக் கடைக்குப் போனால் போதும். பல மாநிலங்களில் இந்த உதவியோடு ஒட்டிக்கொண்டு வருவதுதான் மெடிக்கெய்ட் என்கிற மருத்துவ உதவி. காலையில் படுக்கையிலிருந்து தூக்கி உட்கார வைக்கிற உதவியாளருக்குச் சம்பளம் அதிலிருந்துதான் போகும். வேலைக்குப் போகிறவர்களுக்கு விதிவிலக்குகள் உண்டு. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு தனி ஃபாரம், ஒரு தனி வரிசை.

இப்போது தேர்தலுக்கு நில்லுங்கள். ஆறு மாதம் வேலைக்கு லீவு போட்டு வீடு வீடாகப் போக வேண்டும். கையில் சேமிப்பு இருந்தால்தான் முடியும். சேமிப்பு வைக்கக் கூடாது என்பது சட்டம். ஜெயித்தே விட்டீர்கள் என்று வையுங்கள். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் எம்.எல்.ஏ. சம்பளம் இரண்டு வருடப் பதவிக் காலத்துக்கும் சேர்த்து 200 டாலர். 1889ல் அரசியலமைப்பிலேயே எழுதி வைத்தது. எழுத்துப் பிழை இல்லை, இருநூறுதான். பரம்பரைப் பணமோ, பென்ஷனோ, சம்பாதிக்கிற துணையோ இருப்பவருக்கு அது ஒரு கௌரவம். மற்றவர்களுக்கு?

பிரிட்டிஷ்காரர்கள் இதற்கு ஒரு வழி பார்த்தார்கள். சைகைமொழி பெயர்ப்பாளருக்கு, டாக்சிக்கு என்று மாற்றுத்திறனாளி வேட்பாளருக்கு மட்டும் ஆகிற அதிகப்படிச் செலவை ஏற்க, 2012ல் இங்கிலாந்தில் அரசே ஒரு நிதி தொடங்கியது. 2015 தேர்தலோடு அதை மூடிவிட்டார்கள். ஸ்காட்லாந்து பிறகு தனக்கென்று ஒன்று ஆரம்பித்தது. இதையெல்லாம் எந்தத் தன்னம்பிக்கைக் கட்டுரையிலாவது படித்திருக்கிறீர்களா?

அடுத்தது கட்டடம். 1990 மார்ச்சில் வாஷிங்டனில் அறுபது பேர் போல, தங்கள் சக்கர நாற்காலிகளையும் ஊன்றுகோல்களையும் கீழே விட்டுவிட்டு, நாடாளுமன்றக் கட்டடத்தின் படிகளில் தவழ்ந்து ஏறினார்கள். எட்டு வயதுச் சிறுமியும் உண்டு அதில். ஜூலை 26ல் மாற்றுத்திறனாளிகள் சட்டம் கையெழுத்தானது. ஓட்டல், பஸ், ஆபீஸ் எல்லாவற்றுக்கும் விதி வந்தது. விதி போட்ட சபையின் கதையைக் கேளுங்கள். லான்ஜவின் 2001 ஜனவரியில் பதவியேற்றார். சபாநாயகரின் மேடைக்குப் போக அப்போது படிகள் மட்டுமே. முறை வைத்து மற்ற உறுப்பினர்கள் அந்த இருக்கையில் உட்கார்ந்து சபையை நடத்துவது அங்கே வழக்கம். இவரால் முடியாது. மேடைக்கு லிஃப்ட் பொருத்தி அவர் முதன்முதலாக அங்கே ஏறியது 2010 ஜூலை 26ல். சட்டத்தின் இருபதாவது பிறந்தநாள். கேமராக்கள் வந்தன. எல்லோரும் கைதட்டினார்கள். ஒன்பதரை வருடம் ஏன் ஆயிற்று என்று தலைப்புப் போட்ட பத்திரிகை எதுவும் என் கண்ணில் படவில்லை.

லிஃப்ட்டாவது வந்தது. மேலே சொன்ன இருநூறு டாலர் நியூ ஹாம்ப்ஷயரில் நடந்தது இதைவிட மோசம். என்னைக் கேட்டால் இந்தக் கட்டுரையே அதற்காகத்தான்.

சின்ன மாநிலம், ஆனால் கீழவையில் 400 பேர். 2020 டிசம்பர் 2ம் தேதி டிக் ஹிஞ்ச் சபாநாயகராகப் பதவியேற்றார். ஒரே வாரத்தில் கொரோனாவில் இறந்துபோனார். அவருக்கு அடுத்து வந்தவர் ஷெர்மன் பேக்கர்ட். 2021 ஜனவரி 6ம் தேதி பல்கலைக்கழகத்தின் வாகன நிறுத்துமிடத்தில் சபை கூடியது. அவரவர் காரில் உட்கார்ந்தபடி எம்.எல்.ஏ.க்கள் ஓட்டுப் போட்டார்கள். (அதே நாளில் வாஷிங்டனில் கும்பல் ஒன்று நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்து துவம்சம் செய்துகொண்டிருந்தது. சில நாட்களை வரலாறு ஓவராகவே எழுதுகிறது.) வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வழியாகக் கலந்துகொள்ள அனுமதிக்கும் விதித் திருத்தம் தோற்றது. அப்படிக் கூடினாலும் கோரம் செல்லும் என்று அந்த மாநில உச்ச நீதிமன்றமே 2020ல் கருத்துச் சொல்லியிருந்தும் தோற்றது. பிப்ரவரிக் கூட்டம் ஒரு விளையாட்டு அரங்கத்தில், நேரில்.

எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் சபைத் தலைவர் ரென்னி குஷிங். அவரைப் பற்றியும் சோகக் கதை எழுதலாம், தாராளமாக. அப்பாவை 1988ல் சுட்டுக் கொன்றார்கள். அப்படியும் மரண தண்டனை கூடாது என்று ஊர் ஊராகப் பேசி, சட்டமன்றத்தில் மசோதா மேல் மசோதாவாகக் கொண்டுவந்து, 2019ல் கவர்னரின் வீட்டோவையும் தாண்டி அதை ஒழித்துக் காட்டியவர். கொரோனா வந்தபோது அவருக்குப் புற்றுநோய், நான்காம் கட்டம். கூட்டத்துக்குப் போனால் உயிருக்கு ஆபத்து. போகாவிட்டால் அவரை அனுப்பியவர்களின் ஓட்டு சபையில் விழாது. உடல் குறைபாடோ கடும் நோயோ உள்ள இன்னும் சில உறுப்பினர்களோடு சேர்ந்து, அந்த 1990ம் வருடச் சட்டத்தின் கீழ் சபாநாயகர் மேல் வழக்குப் போட்டார். வேறொன்றும் கேட்கவில்லை, ஒரு வீடியோ இணைப்பு.

கீழ்க் கோர்ட்டில் தோற்றார்கள். மேல்முறையீட்டில் 2021 ஏப்ரலில் மூன்று நீதிபதிகள் இவர்கள் பக்கம் நின்றார்கள். பிறகு வழக்கு முழு அமர்வுக்குப் போயிற்று. 2022 மார்ச்சில் குஷிங் இறந்தார். முழு அமர்வின் தீர்ப்பும் அந்த வருடமே வந்தது. சபை விதியை அமல்படுத்துகிற சபாநாயகருக்குச் சட்டமன்றப் பாதுகாப்பு உண்டு, இந்தச் சட்டத்தைக் காட்டி அவர் மேல் இப்படி வழக்குப் போட முடியாது என்றது தீர்ப்பு.

மெதுவாக இன்னொரு தரம் படியுங்கள். ஓட்டல்காரர் சாய்வுதளம் வைக்காவிட்டால் கோர்ட்டுக்கு இழுக்கலாம். சட்டம் செய்கிற சபை தன் உறுப்பினரையே உள்ளே விடாவிட்டால், அது அவர்கள் வீட்டு விஷயம். தீர்ப்பில் ஒரு தர்க்கம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். நீதிபதிகள் சபை நடவடிக்கையில் மூக்கை நுழைக்க ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும் என்று கவலைப்படுவதும் நியாயம்தான். ஆனால் அந்தத் தர்க்கத்தின் விலையைக் கொடுத்தது யார்? சபைக்கு உள்ளே போய்த்தான் விதியை மாற்ற முடியும். உள்ளே போவதற்கே அந்த விதி மாற வேண்டும்.

குஷிங்குக்குத் தன்னம்பிக்கை போதவில்லை என்று யாராவது சொல்லட்டும் பார்ப்போம்.

இனி என் கதை.

பத்திரிகைக்கு வந்த புதிது. உள்ளாட்சித் தேர்தல். ஒரு நகராட்சி வார்டில் ஒருவர் சுயேச்சையாக நின்றார். இரண்டு காலும் இல்லை, மூன்று சக்கர சைக்கிளில் பிரசாரம். "சூப்பர் ஸ்டோரிய்யா" என்று அனுப்பி வைத்தார்கள். போனேன். உட்கார வைத்தார். டீ வந்தது. எட்டுப் பக்கத்தில் சைக்ளோஸ்டைல் செய்த ஒரு நோட்டீஸை என் கையில் கொடுத்து, "இதப் படிச்சுப் பாருங்க தம்பி, நகராட்சிக் கடைங்களோட வாடகைக் கணக்கு. எவ்வளவு பாக்கி, யாரு யாரு தரணும், எல்லாம் இருக்கு" என்றார். பாலன்ஸ் ஷீட்டைக் கண்டால் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டிய படிப்புப் படித்தவன் நான். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "விபத்து எப்படிண்ணே நடந்துச்சு?" என்று கேட்டேன்.

அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார். ரயில், மழை, இருட்டு. எல்லாம் சொன்னார். எழுதினேன். ஆபீஸில் பாராட்டினார்கள். வாசகர் கடிதம் வந்து குவிந்தது, இரண்டு பேர் மணியார்டர்கூட அனுப்பினார்கள். தேர்தலில் அவர் தோற்றுப்போனார். ஒரு வாரம் கழித்து ஆபீஸுக்கு போன் வந்தது.

"கட்டுரை நல்லா இருந்துச்சு தம்பி. தெருவே படிச்சு அழுதுச்சு. பாவம்னாங்க. எல்லாரும் வந்து பார்த்துட்டுப் போனாங்க. ஆனா ஓட்டு போடல பாருங்க. பாவப்பட்டவன்கிட்ட யாரு கஜானா சாவியக் குடுப்பாங்க?"

நான் என்னவோ சமாளித்தேன். மணியார்டர் பணத்தைத் திருப்பி அனுப்பிவிடச் சொன்னார். போனை வைத்துவிட்டார். கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தேவலாம்.

அந்த நோட்டீஸ் இன்னும் என்னிடம் இருக்கிறது. வீடு மாறும்போதெல்லாம் கூடவே வரும். இந்தக் கட்டுரைக்காகப் போன வாரம் எடுத்து, கால்குலேட்டரை வைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து உட்கார்ந்து பார்த்தேன். கடை வாரியாக, வருட வாரியாகப் பிரித்து எழுதியிருக்கிறார். எந்தத் தீர்மானத்தில் வாடகையைக் குறைத்தார்கள் என்று தேதியோடு போட்டிருக்கிறார். நான்காம் பக்கத்தில் ஒரு கூட்டல் தப்பு. நாற்பது ரூபாய் குறைவாகப் போட்டிருக்கிறார். அன்றைக்கே கேட்டிருக்கலாம்.